ஆல்பத்துக்கு அடியில் டோஃபு

வெள்ளைக் கட்டியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருக்கிறது, நான்காக மடித்த பழைய வேட்டித் துணி மெல்ல நனைகிறது, அதன் மேல் எங்கள் கல்யாண ஆல்பம், கதவுப் பலகை மாதிரி கனத்த ஆல்பம், அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, டோஃபு மேல் பாரம் வைத்துக் கால் மணி நேரம் விட வேண்டும் என்று வீடியோவில் அந்தக் கொரியப் பெண் சொன்னாள், அவள் வீட்டில் என்ன பாரம் இருக்குமோ, பூந்தமல்லியில் இந்த இரண்டாவது மாடி வீட்டில் நான் தூக்கக்கூடிய பாரம் இது ஒன்றுதான், ஆறு வருஷம் அலமாரி மேல்தட்டில் தூங்கியது, இன்றைக்கு ஒரு வேலைக்கு ஆயிற்று. சமாதானத்துக்காக நான் இதைச் சமைக்கவில்லை, சாட்சிக்காகச் சமைக்கிறேன், தட்டில் வைத்து இவர் முன்னால் நகர்த்தினால் போதும், இவருக்கே ஞாபகம் வரும், நிச்சயம் முடிந்த மூன்றாவது வாரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கொரிய ஓட்டல், இவர் தொழிற்சாலையின் கொரிய அதிகாரிகள் சாப்பிடும் இடம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவரே ஆர்டர் செய்கிறார், சிவப்புச் சாற்றில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வருகிறது, பன்னீர் என்று நான் கடிக்க, சோயா பாலில் செஞ்சது என்கிறார் பெருமையாக, இரண்டு குச்சிகளால் ஒரு துண்டை எடுத்து ஊட்ட வருகிறார், அது வழுக்கி என் மாம்பழ நிறப் புடவையில் விழுகிறது, என்னைக் கேட்டிருந்தா ஸ்பூன் வாங்கச் சொல்லியிருப்பேன் என்கிறேன், இவர் முகம் சுருங்கி, இனிமே உன்னைக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டேன் என்றார், டோஃபுவின் மேல் செய்த சத்தியம்.

போன ஞாயிற்றுக்கிழமை துவைக்கப் போட்ட சட்டைப்பையில் கடிதம் இருந்தது, கொரியாவில் இரண்டு வருஷ வேலை, சம்மதம் என்று கீழே இவர் கையெழுத்து, வெள்ளிக்கிழமைக்குள் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி, அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு, ஆனால் வீடு நடக்க வேண்டுமே, அதற்கு அத்தை இருந்தார், இவருடைய அம்மா, திருத்தணியிலிருந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர், சாப்பாட்டு மேஜையில் நானும் இவரும் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சட்னி போதுமான்னு கேளுங்க அத்தை என்பேன், போதும்னு சொல்லும்மா என்பார் இவர், தணிகை, போதும்னு நீ சொன்னது அவளுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு, நான் என்னத்துக்கு நடுவுல என்பார் அத்தை, ஆனாலும் சொல்லிவிடுவார், நான்கு நாள் இப்படியே ஓடியது. இன்று காலை தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார், மௌன விரதம், விளக்கு வைக்கும்வரை, அறுபத்திரண்டு வயதுவரை தூக்கத்தில்கூடப் பேசிய அத்தைக்கு எந்தச் சாமி இந்த விரதத்தைச் சொல்லியதோ தெரியவில்லை, வாசலில் இவர் தன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு அம்மா, சாவி எங்கன்னு கேளு என்றபோது, அத்தை உதட்டின் மேல் விரலை வைத்துச் சுவரைப் பார்த்தார், சாவி என் கையில்தான் இருந்தது, மெதுவாக அதை இவர் ஷூவுக்குள் போட்டேன்.

ஆல்பத்தை எடுத்து மேடையில் வைத்துவிட்டு டோஃபுவைத் துண்டு போடுகிறேன், எள்ளெண்ணெய் என்கிறாள் வீடியோப் பெண், நல்லெண்ணெயை ஊற்றுகிறேன், வீடு முழுக்கத் தீபாவளிக் காலை மணம், யாரோ எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருவது போல, கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போகிறது, இழுத்துக்கொள்கிறேன், இருபுறமும் பொன்னிறமாக வந்ததும் சோயா சாஸ், தட்டிய பூண்டு, கொஞ்சம் சர்க்கரை, மிளகாய்த்தூள் இரண்டு பெரிய ஸ்பூன், பத்தே நிமிஷச் சமையல் என்று சிரிக்கிறாள், அவளுடைய தூள் நிறத்துக்கு மட்டும் சிவப்பு, எங்கள் டப்பாவில் இருப்பது அத்தை திருத்தணி மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் நின்று அரைத்த தூள், அரை ஸ்பூன் போட்டால் ஒரு குடும்பம் அழும், அது எனக்கு ஞாபகம் வந்தது இரண்டாவது ஸ்பூனும் கடாயில் விழுந்த பிறகு.

நெடி எழுந்தது, நான் இருமினேன், கூடத்தில் அத்தை இருமினார், விரதத்தில் இருமலாமா என்ற சந்தேகத்தோடு வாயைப் பொத்திப் பொத்தி இருமினார், முதல் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்த இவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் இருமிக்கொண்டே ஓடிவந்து ஜன்னலைத் திறந்து, அம்மா, என்னத்தப் போட்டான்னு கேளு என்றார், அத்தை புடவைத் தலைப்புக்குள் இருந்து கையை விரித்தார், இவர் என்னைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வழிய, என்னடி போட்ட என்றார், உங்கம்மா மிளகாய்த்தூள் என்றேன், நான்கு நாள் முடிந்தது.

அப்புறம்தான் கடாயைப் பார்த்தார், சிவப்புச் சாற்றில் டோஃபு, நாங்கள் மறுபடி அந்த ஓட்டலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, என் மடியில் சிவப்புக் கறையோடு, ஞாபகம் இருக்கா என்றேன், இருக்கு என்றார், பார்வை தப்பித்து ஓட இடம் தேடி மேடையில் இருந்த ஆல்பத்தில் போய் நின்றது, இதென்ன இப்படி ஈரமா இருக்கு என்று சட்டையாலேயே துடைத்துத் திறந்தார், மணமேடையில் இவர் என் காதருகே குனிந்திருக்கிறார், பாரு, மாலை குத்துதான்னு கேட்டேன்ல, கேட்டதுக்கு ஃபோட்டோவே இருக்கு என்றார், மாலையைக் கேட்டீங்க, கொரியாவைக் கேக்கலையே என்றேன். கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு, நீ இங்கயும் நான் அங்கயும்னு ஆயிடுமோன்னு, அதான் முதல்ல கையெழுத்துப் போட்டேன், அதுக்கப்புறம் அதைச் சொல்லவும் பயம் என்றார், இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு சின்னப் பயம், எனக்குச் சிரிப்பு வந்தது, நெடியா சிரிப்பா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், இப்ப கேளுங்க என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கணுமா, இல்ல என்கூட வர்றியா என்றார். எழுத வேண்டாம், வர்றேன், ஆனா அங்க ஓட்டல்ல நான்தான் ஆர்டர் பண்ணுவேன் என்றேன்.

அப்போ மூணு கிலோ தூள் அரைக்கணும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது, விளக்கு வைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, ரெண்டு பேருக்கு எதுக்கும்மா மூணு கிலோ என்றார் இவர், நானும் வரேன்ல என்றார் அத்தை, உன்னை யாரும்மா கேட்டா என்றார் இவர், இந்த வீட்ல யாரு யாரைக் கேட்டா என்று சொல்லிவிட்டு அத்தை, நான் தட்டில் எடுத்து வைத்த டோஃபுவில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணீரோடு மென்று, உப்பு கம்மி என்றார். ஃபேனுக்கு அடியில் ஆல்பம் விரிந்து கிடக்கிறது, ஈரத் தாள்கள் ஒவ்வொன்றாக எழுந்து எழுந்து புரள்கின்றன, இவர் குனிந்திருக்கும் அந்தப் பக்கம் மட்டும் புரண்டு போகாமல் இருக்க, அதன் ஓரத்தில் டோஃபுத் தட்டைப் பாரமாக வைத்தேன்.