சிம்லே வளைவுக்குப் போட்ட எண்

ஹர்கமான் குருங் பொய் சொல்லிப் பிழைத்தவன் அல்ல. வாழ்க்கையில் உருப்படியாக ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அது ஓர் எண். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் தோர்மு நதிக்கு மறுபடி எண் போட்டாக வேண்டும். வெள்ளம் பாறைகளைப் புரட்டிப் போட்டிருக்கும். போன வருஷத்து எண்ணை நம்பிப் படகு இறக்குகிறவன் பைத்தியக்காரன். தசைன் பண்டிகை கழிந்த கையோடு மூத்த படகோட்டிகள் மூவர் கயாக் என்ற ஒற்றையாள் படகில் இறங்குவார்கள். தண்ணீர் பாறைகளில் மோதிச் சீறும் ஒவ்வொரு பாய்ச்சலையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பாலத்தடிக் கடையில் உட்கார்ந்து தரம் சொல்வார்கள். ஒன்று என்றால் குழந்தைகள் கால் நனைக்கலாம். ஆறு என்றால் உயிரோடு கரையேறினால் சாமி புண்ணியம். பிழைப்பெல்லாம் நடுவில்தான். மூன்று வரைக்கும் நீச்சல் தெரியாத சுற்றுலாக் குடும்பத்தைக்கூட ரப்பர் படகில் ஏற்றிப் போகலாம். நான்கு என்று கடைப் பலகையில் எழுதிவிட்டால், அவர்களை இறக்கிக் கரையோரமாக நடக்கவிட்டு, பாய்ச்சல் தாண்டித்தான் ஏற்ற வேண்டும்.

அந்த வருஷம் மலை சரிந்து நதிக்குள் விழுந்ததில், சிம்லே வளைவில் புதிதாக ஒரு பாய்ச்சல் கிளம்பியிருந்தது. மூவரில் ஹர்கமான் முதலில் இறங்கினான். பிர்கா மாஜியும் லால்சனும் ஒரு வளைவு பின்னால் வந்தார்கள். வலப்பக்கம் பெரிய பாறைக்குக் கீழே, தண்ணீர் திரும்பித் தன்மேலேயே புரண்டுகொண்டிருந்த குழி ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது. கயாக் கவிழ்ந்து, ஆள் வெளியே வந்துவிட்டான். உள்ளே இழுத்தது, துப்பியது, மறுபடி இழுத்தது. இத்தோடு சரி என்றுதான் நினைத்தான். எப்படியோ ஒரு வேர் கைக்குச் சிக்கியது. ஏறி, ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த கயாக்கை இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி உள்ளே உட்கார்ந்தான். அப்போதுதான் மற்ற இருவரும் வளைவில் தலைகாட்டினார்கள். அவர்கள் அதிர்ஷ்டம், இடப்பக்கமாக வந்து சுலபமாகத் தாண்டிவிட்டார்கள்.

அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் இந்தப் படகோட்டிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. படகைவிட்டு விழுந்தவன் அன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் தன் ஈர ஷூவைக் கழற்றி, அதில் பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். விளையாட்டுத்தான். ஹர்கமான் பதினோரு வருஷமாக ஷூவில் குடித்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பெரிய மனுஷன் ஆனவன் அவன்.

சாயங்காலம் கடையில் பிர்காதான் ஆரம்பித்தான். "சிம்லே எனக்கென்னமோ நாலு மாதிரி தோணுதுண்ணே."

"நாலா? ஏன்டா, விழுந்தியா?" என்றான் ஹர்கமான்.

"விழல. வலப்பக்கம் ஒரு குழி கெடக்கு பாருங்க, அதுல மாட்டுனா வெளிய வர முடியாது. நீங்க அந்தப் பக்கமாத்தானே போனீங்க?"

"போனேன். தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி இருந்துச்சு. ஒனக்கு வயசாயிருச்சு பிர்கா. பொண்டாட்டிகிட்ட காசு வாங்கி நாலு ஆடு புடிச்சு மேச்சுக்க, போ."

கடையே சிரித்தது. பிர்காவும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தான். லால்சன் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பலகையில் மூன்று என்று எழுதினான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஹர்கமான் அன்று இரண்டு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டான். வெட்கங்கெட்டவன்!

தரம் எழுதிய பதினேழாம் நாள், ஜுனு தமாங் ஓட்டிய ரப்பர் படகு அந்தக் குழியில் கவிழ்ந்தது. தோர்மு நதியில் படகோட்டும் ஒரே பெண் ஜுனு. ஏறியிருந்த ஆறு பேரில் ஐந்து பேரை அவளே இழுத்துக் கரை சேர்த்தாள். ஆறாவது ஆள் பத்மராஜ் ஜோஷி, காத்மாண்டுவில் வங்கிக் குமாஸ்தா. மறுநாள்தான் பிணமாகக் கிடைத்தார். அவர் மனைவி கரையில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, "மூணுதானே சொன்னீங்க? மூணுதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹர்கமானையும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

படகோட்டிகள் சங்கத்தில் விசாரணை நடந்தது. தலைவர் தன்பீர், "மூணாம் தரத்துல படகக் கவுத்தா அது யாரு தப்பு?" என்று கேட்டார். "நான்தான் ஓட்டுனேன்," என்றாள் ஜுனு. தரம் போட்டவன் என்று ஹர்கமானை எழுப்பினார்கள். விழுந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தான். எழுந்ததும் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "இப்போ தண்ணி மாறியிருக்கு. நாலுன்னு மாத்திரலாம்," என்றான்.

மாற்றினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இன்றுமுதல் நான்கு, விபத்து நடந்த அன்றைக்கு மூன்று. ஆகவே படகோட்டியின் கவனக்குறைவு என்று எழுதி ஜுனுவின் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாலு போடச் சொன்ன நல்லவன் என்று ஹர்கமானின் முதுகைத் தட்டினார்கள். அந்தத் தட்டுத்தான் அவனைக் கொன்றது.

ஒன்பது நாள் தாங்கினான். பத்தாம் நாள் சங்கத்துக்குப் போய், எல்லாரும் இருக்கும்போது, விழுந்ததை, வேரைப் பிடித்ததை, மறைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"யோவ், ஷூவுல குடிக்கிற ஒரு மொடக்கு பீருக்காகவாய்யா?" என்றார் தன்பீர்.

யாரும் சிரிக்கவில்லை. பிர்கா அவன் முகத்தைப் பார்க்காமலேயே எழுந்து வெளியே போனான். இனி எந்த நதிக்கும் ஹர்கமான் தரம் சொல்லக் கூடாது என்று முடிவானது. ஜுனுவின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு கடிதமும் எழுதினார்கள். அதைத் தானே கொண்டுபோவதாகக் கெஞ்சி வாங்கிக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்துப் பக்கம் அக்கா நடத்தும் சாப்பாட்டுக் கடையின் பின்னால் உட்கார்ந்து, ஜுனு கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"நீங்க விழுந்தீங்களாண்ணே?"

"விழுந்தேன்."

"அந்த வலப்பக்கக் குழியிலயா?"

"ஆமா. தப்பு பூரா என்னோடது ஜுனு. ஒம்மேல ஒண்ணுமில்ல. நாளைக்கே நீ படகு எறக்கலாம்."

அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். "நானும் அந்தக் குழியப் பாத்தேண்ணே," என்றாள். "அன்னிக்குப் படகக் கட்டிட்டு, பாற மேல ஏறி நின்னு ரொம்ப நேரம் பாத்தேன். இது நாலுன்னு என் கண்ணு சொல்லுச்சு. ஆளுங்கள நடக்க விட்டுரலாம்னுதான் எறங்கி வந்தேன்."

"அப்புறம் ஏம்மா?"

"ஹர்கமான் அண்ணன் மூணுன்னு சொன்னத ஒரு பொம்பள நாலாக்கிட்டாளான்னு கடையில சிரிப்பீங்களே! செத்துப்போன அந்த மனுசன் கேட்டாரு, பயமா இருக்கு, நான் வேணா நடந்து வரட்டுமான்னு. மூணுதான் சார், வாங்கன்னு நான்தான் கையப் புடிச்சு ஏத்துனேன்."

ஹர்கமான் கீரைக் கட்டுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்னைத் திட்டும்மா. நாலு வார்த்தை திட்டிரு," என்றான்.

"திட்டி என்ன ஆகப்போகுது?" கடிதத்தை மடித்து அவன் கையிலேயே திணித்தாள். "நேத்து அக்காகூட வாய்க்கால் தாண்டப் போனேன். முழங்கால் தண்ணிதான்னு கண்ணுக்குத் தெரியுது. ஆனா கண்ணு சொல்றத என்னால நம்ப முடியலண்ணே. அக்கா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுனேன். நான் போயி யாரப் படகுல ஏத்துறது?"

முன்பக்கம் யாரோ சோறு கேட்டுக் குரல் கொடுத்தார்கள். ஜுனு எழுந்து போனாள்.