ஆரஞ்சுத் தோல் மூட்டை

இனித் தோல் வேண்டாம். இந்த மூன்று வார்த்தையைப் பட்டறையம்மா காலையிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசித் தோல் டிரம்மையும் இன்னைக்கு எடுத்துடறாங்கம்மா. ஜூஸ்காரர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மகன் கேட்டிருந்தான். அவன் சொன்னால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். "நானே சொல்றேன்" என்றுவிட்டாள்.

குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை அது. அலசிய தண்ணீர் பச்சையாகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவர் இறந்து பட்டறை அவள் தலையில் விழுந்த வருடம், படித்தவர் ஒருவர் வந்து, ஆரஞ்சுத் தோல் வழியே அந்தத் தண்ணீரை விட்டால் உலோகம் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்றார். வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் எதிர்வரிசை ஜூஸ்கடையில் போய்த் தோல் கேட்டாள்.

முதல் தடவை ஈரத்தோலை அப்படியே டிரம்மில் நிரப்பியதில் பட்டறை நாறி, ஈ மொய்த்து, தெருவே சண்டைக்கு வந்தது. ஜூஸ்காரர்தான் தன் மொட்டைமாடியைத் திறந்துவிட்டார். அவரும் தனியாள். தோலைப் புரட்டிப் போட்டுக் காயவைத்தபடி இருவரும் கதையளப்பார்கள். டிரம்மிலிருந்து பச்சை வெளிறிய தண்ணீர் முதன்முதலில் சொட்டியபோது, அவள் அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அவரிடம் காட்டினாள்.

"இதைக் கடை போட்டு வித்துடாதீங்க. அப்புறம் என் வியாபாரம் படுத்துடும்" என்றார். கணவர் போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

போன வருடம் மகன் சுத்திகரிப்பு மெஷின் வாங்கினான். அவளோ ஒரு டிரம்மை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டு, மெஷின் சுத்தம் செய்த தண்ணீரையே மறுபடி தோலில் விட்டுக்கொண்டிருந்தாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஜூஸ்காரர் மூட்டையோடு மூச்சிரைக்க வந்தார். முட்டிவலி வேறு.

"இனிமே தோல் வேண்டாங்க. மெஷின் வந்தாச்சு."

"தெரியுமே. போன வருஷம் லாரிக்காரன் என் கடையிலதான் வழி கேட்டான்."

"தெரிஞ்சும் ஏன் சுமந்துட்டு வந்தீங்க?"

அவர் மூட்டையை இறக்கிவைத்தார். "நீங்க வாங்கிக்கிட்டீங்களே."

உள்ளே டிரம்மை உருட்டும் சத்தம் கேட்டது. அவர் மெல்லத் திரும்பி வாசல்வரை போய்விட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றாள்.

"தோல்தான் வேண்டாமே."

"ஆமா. வெறுங்கையோட வாங்க."