எந்த ஊசி

"காலுக்கு மட்டும் மரக்க வெச்சா, சாயந்தரமே ஆத்துக்கு வந்துடுவாளோல்லியோ?" என்று வரது கேட்டார். கணுக்கால் உடைந்து கிடந்தவள் அவர் மனைவி வேதவதி. விசாரணையெல்லாம் அவருடையது. கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல இரண்டு ஊசியையும் அலசிக்கொண்டிருந்தார்.

மயக்க டாக்டர் மேகனா பொறுமையாகச் சொன்னாள். "முழங்காலுக்குப் பின்னாடி நரம்புல போட்டா அந்தக் கால் மட்டுந்தான் மரக்கும் சார். வாக்கர் பிடிச்சு சாயந்தரமே போகலாம். முதுகுல போட்டா ரெண்டு காலும் மரத்துடும், அனேகமா ராத்திரி தங்கணும். ரெண்டுமே நல்லதுதான். அம்மாதான் சொல்லணும்."

"அவ என்னத்தச் சொல்லப்போறா? காலுக்கே போடுங்கோ. நேக்கு வெளிச்சாப்பாடு ஆகாது."

ஆகாதாம்! ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டு அடுப்பு வேதவதி காய்ச்சலில் கிடந்தபோதும் அணைந்ததில்லை. மாசத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்த காலத்தில் மாமியார் தளிகை பார்த்துக்கொண்டாள். மாமியார் பரமபதித்தாள், அந்த மூன்று நாளும் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் லீவு ஏது? ஈர மடிப்புடவையோடு அடுப்படிக்கு ஓடித்தான் வழுக்கி விழுந்தாள்.

வரது மருந்து வாங்க இறங்கியதும் வேதவதி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதைப் போட்டா இன்னிக்கு நான் எழுந்துக்கவே முடியாதோ, அதைப் போடும்மா."

மேகனா கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டாள். "சரிங்கம்மா. முதுகுலயே போட்டுடறேன்."

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவுமே அவளுடையதாக இல்லை. அப்பாடா, என்ன சுகம்! யார் கூப்பிட்டாலும் போக முடியாது. தூங்கியே போனாள்.

விழித்தபோது கால்மாட்டில் வரது ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் வாழைப்பழத் தோல். முகம் வாடிக் கிடந்தது. பாவமாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

"முதுகுல போட்டுட்டாளாமே. கால் அசையறதா?"

"இல்லையே."

"நன்னாப் பாரு. அசைஞ்சா இன்னிக்கே அனுப்பச் சொல்லிக் கேக்கறேன். ஆத்துக்குப் போனா ஒரு ரசமாவது வெச்சுடலாம்."

அப்போதுதான், அடிபடாத காலில் ஊறல் எடுத்தது. குதிகாலில் தொடங்கி விரல்வரை ஏறியது. சொறிந்தால் தேவலை. அவளை மீறிக் கட்டைவிரல் ஒருதரம் துடித்தது. போர்வைக்குள்ளேதான்.

வரது பால் பொங்கக் காத்திருப்பவர்போலப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதவதி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் அசைக்காமல் கிடந்தாள்.