இறுகாத கண்ணி

பெர்கன் நகரத்துக்கு வடக்கே ஒரு தீவில், கடல் சாரணர் குழுவின் சின்னப் பிள்ளைகளுக்கு எந்தெந்த முடிச்சைச் சொல்லிக்கொடுப்பது என்று குன்வோருக்கும் ஓட்வாருக்கும் குளிர்காலம் முழுக்க வாக்குவாதம். இருவருமே பொறுப்பாளர்கள், பிடிவாதத்திலும் இருவரும் சளைத்தவர்கள் இல்லை.

“காயத்துக்குக் கட்டுப்போட ஒரு முடிச்சு, படகக் கட்ட ஒரு முடிச்சு. எட்டு வயசுக்கு அது போதும்,” என்றாள் குன்வோர். “உன் கண்ணி முடிச்சு வராம, அந்தச் சின்னப் பொண்ணு மாரென் அன்னிக்கு எப்படி அழுதா பாத்தல்ல?”

“தண்ணில விழுந்தவங்களுக்கு வீச இறுகாத கண்ணிதான் வேணும். அழுதா அழட்டும்,” என்றான் ஓட்வார்.

“தப்பாப் போட்டா சுருக்காயிரும். இழுக்க இழுக்க நெஞ்ச நெரிக்கும். வளந்தப்புறம் கத்துக்கட்டும்.”

கடைசியில் குன்வோர் பேச்சே எடுபட்டது. அவளோடு பேசி ஜெயித்தவர் யாரும் அந்தத் தீவில் இல்லை.

ஏப்ரலில் படகு இறக்கும் நாள் வந்தது. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையை இழுத்து இழுத்து மாட்டிவிட்ட குன்வோர், தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கே உள்ள வியாதி இது. ஓட்வார் துடுப்பெடுக்கக் கொட்டகைக்குள் போயிருந்தான். படகில் கால் வைக்கப் போனவள் பாசி வழுக்கி, துறைக்கும் படகுக்கும் நடுவே விழுந்தாள்.

குளிர் மூச்சைப் பிடுங்கியது. மரத்த விரல்களால் துறையைத் தாங்கும் மரக்காலைப் பற்ற முடியவில்லை. கம்பளிச் சட்டை கீழே இழுத்தது. அப்போதுதான் முகத்தருகே ஒரு கயிறு வந்து விழுந்தது, முனையில் கண்ணியோடு. மேலே மாரென் நின்றிருந்தாள்.

தலையையும் கைகளையும் அதற்குள் நுழைத்தபோது குன்வோர் நினைத்தது ஒன்றைத்தான்: சுருக்காக இருந்தால் செத்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கண்ணி அக்குளில் அழுந்தியது, கொஞ்சம்கூட இறுகவில்லை. கூச்சல் கேட்டு ஓடிவந்த ஓட்வார் அவளைத் தூக்கி மேலே போட்டான்.

“இப்ப சொல்லு, எட்டு வயசுக்கு என்ன போதும்?” என்று கேட்டபடி அவளுக்குப் போர்வையைச் சுற்றினான்.

“வாய மூடிட்டுக் காப்பி ஊத்து. நீ சொன்னதுதான் சரி.” பிறகு மாரெனைப் பார்த்தாள். “உனக்கு யாரு கத்துக்கொடுத்தா?”

“யாரும் இல்ல. எனக்கு வரலன்னுதான நிறுத்திட்டீங்க? மத்தவங்களுக்கும் இல்லாமப் போச்சேன்னு வீட்டுல நாற்காலிக் கால்ல போட்டுப் போட்டுப் பாத்தேன்.”

குன்வோருக்கு இந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மாரென் குனிந்து போர்வையை விலக்கி, முடிச்சைத் தளர்த்தத் தொடங்கினாள்.

“அவுக்காத கண்ணு,” என்றாள் குன்வோர். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”