ரங்கராஜன் சாரின் சிவப்புக் கோடுகள்

அறிக்கையைத் திறந்ததும் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். 'ஐம்பது வயதைக் கடந்த பெண் ஊழியர்களால் புதிய மென்பொருளுக்குப் பழக முடியவில்லை.' மேலே, தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்: சகுந்தலா மாரியப்பன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்த வரியை எழுதியது நானில்லை.

சில மாதங்களாக எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் மென்பொருளிலும், மீதிப் பேர் இலவசமாகக் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸிலும் வேலை பார்த்தோம். எது தேவலை என்று எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒளிவுமறைவில்லாமல்தான் எழுதினேன். இலவசத்தில் லெட்டர்ஹெட் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. கணக்குப் பிரிவின் பெரிய ஷீட்டுகளில் தானாகக் கணக்குப் போட்டுத் தரும் மேக்ரோ ஒழுங்காக ஓடுவதில்லை, அவர்களுக்குப் பழையதே இருக்கட்டும். மற்ற எல்லாருக்கும் இலவசமே போதும். என் எதிர் மேஜை ஸ்மிதா-தி, அதாவது இங்கே வங்காளிகள் வழக்கில் ஸ்மிதா அக்கா, ஓய்வு பெறப் போகிறவர். முதல் வாரம் மவுஸைத் தூக்கி அடிக்காத குறை. இப்போது அவர்தான் ஒரே கடிதத்தை நூறு பெயருக்குத் தனித்தனியாக அச்சடிக்கும் மெயில் மெர்ஜை எல்லாருக்கும் போட்டுத் தருகிறார். அதையும் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியைத்தான் சிவப்பில் அடித்துவிட்டு, இந்த வரியைச் சொருகியிருந்தார் ரங்கராஜன் சார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது; 'அக்செப்ட்' கொடுத்தால் கோடும் பெயரும் மறைந்து, எல்லாம் நான் எழுதியதாகவே ஆகிவிடும்.

அவர் எங்கள் டெபுடி ஜெனரல் மேனேஜர், மயிலாப்பூர்க்காரர். அறைக்குப் போய்க் கேட்டேன்.

"எல்லாருக்கும் காசு குடுத்தே வாங்கறதுன்னு மேல முடிவு பண்ணியாச்சு. அதுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். அக்செப்ட் ஆல் குடுத்துட்டு நாளைக்கு மீட்டிங்ல காட்டிடுங்கோ."

"வாங்கறதுன்னா வாங்குங்க சார். எங்களுக்குக் கத்துக்கத் தெரியலன்னு ஏன் எழுதணும்?"

"யார் பேரையும் சொல்லலையே." கண்ணாடியைத் துடைத்தார். "உங்க பொண்ணு ஜாதவ்பூர்லதானே படிக்கறா? ட்ரான்ஸ்ஃபர் விஷயமெல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். நம்மூர்க்காரா ஆச்சேன்னு சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் நம்மூர் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

பெஹாலா வீட்டில் நானும் மகள் ஹம்சினியும் மட்டும்தான். அவளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. என்னை எங்காவது தூக்கியடித்தால் இவள் தனியாக எங்கே இருப்பாள்? சாதம் போட்டபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்மிதா மாஷிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ சைன் பண்ணுவியா, மா?" ஸ்மிதா-தியை அவள் மாஷி, சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

"ட்ரான்ஸ்ஃபர் போட்டுட்டா?"

"ஹாஸ்டல் போறேன். அட, இதுக்குப் போய் பயப்படுறியா!"

பயந்தேன்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர், பிரிவுத் தலைவர்கள், ஊழியர்கள் சார்பில் ஸ்மிதா-தி. புரொஜெக்டரில் என் லேப்டாப்பைச் செருகி, அந்த இலவச மென்பொருளிலேயே அறிக்கையைத் திறந்தேன். அடித்ததும் சேர்த்ததுமாகச் சிவப்புக் கோடுகள் அப்படியே திரையில் விரிந்தன.

ரங்கராஜன் சார் என் பக்கம் குனிந்தார். "என்ன இது? அக்செப்ட் பண்ணிட்டுக் காட்டுங்கோ."

"நான் அக்செப்ட் பண்ணல சார்." சத்தமாகவே சொன்னேன். "கறுப்புல இருக்கறதும், அடிச்சுப் போட்டிருக்கறதும் நான் எழுதினது. புதுசா சேர்த்த சிவப்பு உங்களோடது. ரெண்டும் இருக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்." தமிழில் சொன்னதை அப்படியே இங்கிலீஷிலும் சொன்னேன். மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜெனரல் மேனேஜர் கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்தார். ஸ்மிதா-தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஏக்டு பொரோ கொரோ," என்றார். கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னார்.

"சகுந்தலா," என்றார் ரங்கராஜன் சார்.

நான் பெரிசாக்கினேன். இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினேன். மற்றதெல்லாம் ஓரங்களில் ஒதுங்கி மறைந்து, அந்த ஒரு வரியும் பக்கத்தில் அவர் பெயரும் மட்டும் சுவர் முழுக்க நின்றன.