லயத்தருகே நின்ற வண்டி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஈப்போவில் தர்மாவின் பட்டறையில் என் காருக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டது. முறையாகத் தொடங்குகிறேன்.

பழைய பிக்கப் ஒன்று விம்மியபடி… வேண்டாம். வண்டி விம்மாது.

மகேந்திரனின் பழைய பிக்கப் ஓடும்போது ஓடும். வேகம் குறைந்தால் அணைந்துவிடும். ரப்பர் தோட்டம் கலைந்து சனங்கள் எங்கே குடிபோனாலும், தோட்டத்து இடுகாட்டுக்குக் கடைசியாக அதில்தான் போவார்கள். போன வாரம் செல்லாயி போனார். தொழிலாளர் வரிசைவீடுகளான பழைய லயம் இருந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

"கெழவிக்குப் போக மனசில்லலா" என்றார்களாம் பெண்கள்.

[லயத்தைவிட்டு வரமாட்டேன் என்ற செல்லாயியை ஈப்போ அடுக்குமாடிக்குக் கூட்டிவந்தவள் மகள் துளசி. அம்மா தன்னை மன்னிக்காமலே போய்விட்டார் என்று அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.]

2

துளசியை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் அவளுக்கென்ன வேலை? ஆனால் வந்திருந்தாள்.

"ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா படுத்துக்குதுலா" என்றார் மகேந்திரன்.

"ஒங்க வயசுக்கு நீங்களே படுத்துக்குறீங்க. வண்டிய ஏண்ணே திட்டுறீங்க?" என்றான் தர்மா.

எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களின்மேல் ஒவ்வோர் இடமாக ஸ்ப்ரே அடித்தான். ஓரிடத்தில் பட்டதும் திணறல் மாறியது. ரப்பர் குழாயில் வெடிப்பு.

[ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளை ரப்பர்க் குழாய்… அடித்துவிட்டேன். மலிவு.]

"இங்க காத்து இழுக்குது. வேகத்துல தெரியாது."

"அப்ப எங்க வேணாலும் நின்னுருக்குமா, தம்பி?" என்றாள் துளசி.

"காலை எடுத்த எடத்துல நிக்கும்க்கா."

அவள் மகேந்திரனைப் பார்த்தாள். "அங்க ஏண்ணே காலை எடுத்தீங்க?"

"நீதானம்மா சொன்ன? 'அம்மா வீடு இருந்த எடம், மெதுவா போங்க'ன்னு."

3

முதல் முடிவு: துளசி மனம் தேறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். வண்டி நின்றதில், கோபமாகவாவது அம்மா கடைசியாக ஏதோ சொன்னார் என்று அவளுக்கு இருந்தது. இதில் அதுவும் போய்விடுகிறது.

இரண்டாவது முடிவு: அவள் தர்மாவை நம்ப மறுத்து… இல்லை. அவள் நம்பினாள். முகத்தைப் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். தர்மா புதுக் குழாயை எடுத்தான்.

"இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணு, தம்பி" என்றாள்.

எஞ்சின் நடுங்கி, அணைந்தது.

"இன்னொரு தடவ."

அணைந்தது. மகேந்திரன் தலைகுனிந்துகொண்டார்.

"மாத்திடவாக்கா?" என்றான் தர்மா.

என் கார் தயாராகியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் 'மாத்து' என்றிருக்கத்தான் வேண்டும். அதை அவள் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால், எழுதிக்கொள்ளுங்கள்.