மயிலுக்கு அடுத்த தீர்மானம்

டூலன் க்ரீக் நகர மன்றத்தில் மயிலைப் பற்றிய விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது. அத்தனை நேரமும் நான் செய்தியாளர் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தேன்.

எங்கிருந்தோ வந்த ஆண் மயில் ஒன்று மூன்று மாதமாக ஃபெர்ன் தெருவில் குடியிருந்தது. கார் கதவுகளில் தன் உருவத்தைப் பார்த்துக் கொத்தியது, விடியுமுன் அலறியது. தெருவில் பாதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். மீதிப் பேர் மயில் படம் போட்ட சட்டையோடு மன்றத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் பேசியவர் உறுப்பினர் கிரயம் பெட்டிஃபர். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

“அந்தப் பறவை வரி கட்டலைதான். ஆனா இங்க உக்காந்திருக்கிற சில பேரைவிட சுறுசுறுப்பா இருக்கு!” என்றார். கூடமே அதிர்ந்தது.

மெல்பர்னின் மேற்கு ஓரத்துச் செய்திகளை யார் படிக்கிறார்கள்? எங்கள் சிறிய பத்திரிகையே நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த மயில் செய்தியை இரண்டு லட்சம் பேர் படித்தார்கள். சிட்னி வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். என் ஆசிரியர் ஸ்பைரோ, “மரீட்டா, நீ ராணிம்மா! மயிலுக்குப் பேர் வைக்கிற போட்டி ஒண்ணு நடத்திடுவோம்” என்றார்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

“மயில் கதை எழுதின பொண்ணு நீதானே?”

“ஆமாங்க.” இன்னொரு மயில் படம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“எங்க வெந்நீர்க் குளத்தை மூடப்போறாங்களே, அதை ஏம்மா எழுதல?”

அவர் பெயர் சினா லஃபாய். சமோவாவிலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவர். அரை மணியில் நகராட்சி நீச்சல் நிலையத்தில் இருந்தேன். அவருடைய கணவர் ஈலி பக்கவாதம் வந்தவர். தரையில் ஓரடி எடுத்து வைக்க முடியாது. அந்த வெந்நீரில் மட்டும், நெஞ்சளவு ஆழத்தில், சினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் பார்க்கும்போது குளத்தின் குறுக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை மன்றக் கூட்டத்தின் முடிவுப்படி, அடுத்த மாதம் முதல் வெந்நீர்க் குளம் மூடப்படும்.

திங்கட்கிழமை. நான் இருந்த கூட்டம்.

காரில் உட்கார்ந்து என் ஒலிப்பதிவைப் போட்டேன். மயில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாக்கெடுப்பு முடிந்து, சிரிப்பும் கைதட்டலும் அடங்காமல் இருக்கும்போதே மேயரின் குரல் வருகிறது: “தீர்மானம் பதினாலு. எதிர்ப்பு உண்டா? இல்லை. நிறைவேறியது.” அதுதான் குளத்தை மூடும் தீர்மானம். ஆறு விநாடி. அந்த ஆறு விநாடியில் எல்லாச் சத்தத்துக்கும் மேலே, கருவிக்கு மிக அருகில், ஒரு பெண் சிரிக்கிறாள். அது நான்தான். நான்கு முறை கேட்டேன்.

மன்றத்தின் விதிப்புத்தகத்தைத் தேடிப் படித்தேன். ஓர் உறுப்பினர் எழுதிக் கொடுத்தால் தீர்மானத்தை மறுபடி எடுத்தாக வேண்டும். கெடு, வெள்ளிக்கிழமை நண்பகல். ஒன்பது உறுப்பினர்களையும் அழைத்தேன். ஏழு பேர் எடுக்கவில்லை. ஒருவர் “படிச்சுப் பாக்குறேன்” என்று வைத்துவிட்டார். பெட்டிஃபர் மட்டும் வீட்டுக்கு வரச்சொன்னார்.

தேநீர் கொடுத்துவிட்டு, “குளமா? நான் எப்ப அதுக்குக் கை தூக்கினேன்?” என்றார்.

“நீங்க தூக்கல. யாரும் தூக்கல. எதிர்ப்பு உண்டான்னு கேட்டப்ப நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க. நானும்தான்.”

“கூட்டத்துக்குக் குடுத்த தாள்ல போட்டிருந்தாங்களா?”

“முழுசாப் போட்டிருக்கு. நீங்க படிக்கல.”

அவர் முகம் சிவந்தது. “என் பேரை நாறடிக்கப்போறியா?”

“நம்ம ரெண்டு பேர் பேரையும்.”

“தேநீர் ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்பு” என்று எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஸ்பைரோவுக்கு விருப்பமில்லை. “நம்ம ஆளே சிரிச்சதை நாமளே போடறதா? உனக்குப் பைத்தியமா?” என்றார். வாசகர்களின் நம்பிக்கை போய்விடும் என்றார். வேறு யாராவது அந்த ஒலியைக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம் என்று நான் சொன்னதும் அரைமனதோடு சரி என்றார். வெள்ளி காலை ஏழு மணிக்குச் செய்தி வெளியானது, ஒலிப்பதிவோடு. அதைப் படித்தவர்கள் தொள்ளாயிரம் பேர்.

பதினொரு மணிக்கே நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றேன். உட்கார முடியவில்லை. எழுத்தர் இரண்டு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெட்டிஃபர் மூச்சிரைக்க வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

“பேனா இருக்கா?” என்றார்.

கொடுத்தேன். தீர்மானத்தை மறுபடி எடுக்கக் கேட்டு, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இது உனக்காக இல்ல. நேத்து சாயங்காலம் அங்க போய்ப் பாத்தேன். அந்த மனுஷன் நடக்கிறாரு” என்றார்.

இரண்டு வாரம் கழித்து நடந்த கூட்டத்தில் மன்றக் கூடம் நிரம்பிவிட்டது. சக்கர நாற்காலிகளுக்காக முன்வரிசையைக் காலி செய்தார்கள். சினாவுக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். அவர் ஒரே நிமிடம்தான் பேசினார். “நான் கெஞ்ச வரல. நீங்க படிக்காமப் போட்ட முடிவை இப்பப் படிச்சிட்டுப் போடுங்க, அவ்வளவுதான்.” பெட்டிஃபர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஐந்துக்கு நான்கு என்று முடிவு வந்தது: குளம் இன்னும் ஒரு வருடம் திறந்திருக்கும். பிறகு மறுபடி பார்ப்பார்களாம்.

வெளியே வாகன நிறுத்தத்தில் ஈலியை வண்டியில் ஏற்ற உதவினேன். சினா எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

“ஒரு வருஷம்தானே குடுத்திருக்காங்க. அடுத்த வருஷம் கூட்டத்துக்கு நீ வருவியா?” என்று கேட்டார்.

“வருவேன்” என்றேன்.

எங்கள் பத்திரிகை அதுவரை இருக்குமா என்பதே எனக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.